ஆழிக்குமரன் ஆனந்தன்

மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்தோர்க்குக் கடல் வெறும் காட்சிப் பொருளன்று. அதுவே தொழில், அதுவே உறவுப் பாதை, சில குடும்பங்களுக்கு அதுவே அடக்கத்தலமும் ஆகியிருக்கிறது. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்துக்குளித்த முன்னோர், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கினர். படகின் மேலிருந்து கயிறு பிடிப்பவர் ஒருவர். கீழே மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குபவர் ஒருவர். ஏறத்தாழ ஒரு மணித்துளிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அவ்வளவே ஒரு மூச்சின் நீளம். 1961ஆம் ஆண்டிற்குப் பின்னர் இக்கரையில் பெருமளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் மனித உடல் எத்துணைப் பொழுது தாங்கும் என்னும் வினா இம்மண்ணில் பிறந்தவர்க்குப் புத்தகத்தில் படித்து அறிந்த வினா அன்று.

அவ்வினாவையே தம் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவர் நம் கடலின் மறுகரையில் பிறந்தவர். நீரில் நீந்தியும் நிலத்தில் மிதிவண்டி ஓட்டியும் உலகச் சாதனை நூலில் பலமுறை இடம்பெற்றவர். விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் என்பது அவரது முழுப்பெயர். குமார் ஆனந்தன் என்று உலகம் அறிந்தது. ஆழிக்குமரன் என்று தமிழ்மக்கள் அழைத்தனர்.

அப்பெயரை நான் முதன்முதல் கேட்டது என் பாட்டனார் வாயிலாகத்தான். எங்கள் வீட்டு வழக்கில் அவரை அப்பா என்றே அழைப்போம். கொழும்பில் நெடுங்காலம் கடை வைத்திருந்த அவருக்கு, இரு கரையும் ஒரே தெருவின் இரு பக்கங்கள் போன்றவை. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்று திரும்பிய காலம் அது. அங்கிருந்து வருவோர் சவர்க்காரமும் துணியும் கொண்டுவருவர்; கூடவே செய்திகளும் வரும். அவ்வாறு வந்த செய்திகளுள் ஒன்று, ஒரு தமிழர் எட்டு நாள் மிதிவண்டியை விட்டு இறங்காமல் கொழும்புப் பூங்காவைச் சுற்றினார் என்பது. சிறுவனாகிய எனக்கு அது கதை போலவே தோன்றியது. பின்னர்த்தான் அது கணக்கிட்டு எழுதி வைக்கப்பட்ட உண்மை என்று அறிந்தேன்.

ஆனந்தன் 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் பிறந்தார். தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அமைந்த இச்சிற்றூரின் பெயரைக் கப்பலோட்டிகள் நன்கறிவர். இவ்வூரார் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்திற்கும் பர்மாவிற்கும் ஓடின. அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் விலைக்கு வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பல் போய்ச்சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குப் பின் பிறந்தவர் ஆனந்தன். அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தொலைதூரம் என்பது அச்சுறுத்தும் சொல்லாக இருந்திருக்க இயலாது.

வல்வெட்டித்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்கினால் எதிரே இருப்பது கோடிக்கரை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அனைவர்க்கும் தெரியும். அவ்வழியே முதன்முதலில் நீந்திச் சென்றவர், அண்டை ஊராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் கோடிக்கரையை அடைந்தார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்னும் பெருமை அவருக்கே உரியது. அப்பொழுது ஆனந்தனுக்கு வயது பத்து. தன் ஊர்க் கரையிலிருந்து ஒருவர் கடலில் இறங்கி மறுநாட்டில் கரையேறினார் என்னும் செய்தி, பத்து வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் எளிதில் உணர்வர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966ஆம் ஆண்டு ஏப்ரலில், வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரில் இறங்கித் தனுஷ்கோடியில் கரையேறினார். இங்கிலீஷ் கால்வாயை 1958இல் கடந்து புகழ்பெற்றிருந்த அவருக்கு இந்தியக் கடற்படை துணை நின்றது. அவர் கரையேறிய தனுஷ்கோடியோ 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்துபோய், இடிந்த சுவர்களும் மணலுமாகக் கிடந்த தனுஷ்கோடி.

அவர்கள் இருவரும் ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடித்தவர்கள். ஆனந்தன் மறுகரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர எண்ணினார். 1971ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் மன்னாருக்கே நீந்தி வந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி.

இந்த எண்ணை அவசரமாகப் படித்துவிட்டுக் கடந்து செல்லுதல் கூடாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். போகவர 60. நெடுஞ்சாலையில் பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிடும் தொலைவு. ஆனால் இக்கடல் நேர்க்கோட்டில் நீந்த விடுவதில்லை. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிற்கும் இடையே மணல் திட்டுகளின் வரிசை. ஒரு கடலின் நீர் மற்றொரு கடலுக்குள் அத்திட்டுகளின் இடைவெளி வழியாகவே பாய வேண்டும். ஆகவே அங்கு நீரோட்டம் வலியது. பொழுதுக்குப் பொழுது திசை மாறுவது. நீந்துபவன் முன்னோக்கிக் கைவீச, கடலோ அவனைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். அரைமணி நேரம் நீந்தியும் இருந்த இடத்திலேயே இருப்பதுண்டு. சொறிமீன் உடலில் பட்டால் எரியும். உப்புநீர் நாவையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். பகல் வெயில் முதுகை உரிக்கும். 51 மணி நேரம் என்றால் எப்படிக் கணக்கிட்டாலும் இரண்டு முழு இரவுகள் அதனுள் அடங்கும். முதல் இரவில் உடல் சோர்கிறது. இரண்டாம் இரவில் கண்கள் தாமாகவே மூடுகின்றன. படுத்துறங்கத் தரையில்லாத இடத்தில் உறக்கம் என்பது மூழ்குதலின் மறுபெயர்.

இங்குதான் ஆனந்தனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் உள்ளது என்பது என் கருத்து. அவரை நீச்சல் வீரர் என்றே எல்லோரும் குறிப்பிடுகின்றனர். அது பிழையன்று, எனினும் முழுமையன்று. விரைவாக நீந்தியவர் என்பதால் அவருக்குப் புகழ் வரவில்லை. மிதிவண்டியில் ஏறியபோதும் அவர் விரைந்து ஓடவில்லை. விழித்திருத்தலே அவரது கலை. மற்றவர் கண்ணயரும் இடத்திலிருந்து அவரது ஆட்டம் தொடங்குகிறது. கடலில் கற்ற இந்தக் கலையைத்தான் அவர் பின்னர் நிலத்திற்குக் கொண்டுவந்தார்.

நிலத்தில் அக்கலை தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. என் பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊர்த் திடலுக்கு ஒருவர் வருவார். நடுவில் ஒரு கம்பம் நட்டு, விளக்குத் தொங்கவிட்டு, ஒலிபெருக்கியில் திரைப்பாடல் ஒலிக்க, அவர் சைக்கிளில் சுற்றத் தொடங்குவார். ஐந்து நாள், ஏழு நாள் என்று கீழிறங்காமல் சுற்றுவதாக அறிவிப்பு. சைக்கிளில் இருந்தபடியே குடத்துநீரைத் தலையில் ஊற்றிக் குளிப்பார், அதிலேயே சோறு உண்பார், உடை மாற்றுவார். மாலையில் கூட்டம் சேர்ந்ததும் மார்பில் குழல்விளக்கை உடைத்துக் காட்டுவார், கைவிட்டு ஓட்டுவார், தரையில் கிடக்கும் ரூபாய்த் தாளை ஓடும் வண்டியிலிருந்து வாயால் எடுப்பார். மக்கள் அவர் சட்டையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்களைக் குத்துவர். கடைசி நாளில் ஊர்ப்பெரியவர் யாரேனும் துண்டு அணிவித்து இறக்கிவிடுவார். நள்ளிரவில் எல்லோரும் வீடு திரும்பிய பின்னரும் அவர் சுற்றுகிறாரா என்று பார்ப்பதற்காக, நானும் என் சிறிய தகப்பனாரும் ஓரிரவு எழுந்து சென்றோம். ஒலிபெருக்கி நின்றிருந்தது. ஒரே ஒரு விளக்கு. யாருமில்லாத திடலில் சங்கிலி உரசும் ஓசை மட்டும் கேட்டது, அவர் சுற்றிக்கொண்டிருந்தார். வயிற்றுப் பாட்டுக்காகச் செய்யப்பட்ட தொழில் அது. அதனைக் கலை என்று மதித்தவர் எங்கள் ஊரில் இல்லை.

மேலை நாடுகளில் இதே செயல் பெரும் விளையாட்டாக வளர்ந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. 1878ஆம் ஆண்டில் இலண்டனில் ஆறுநாள் மிதிவண்டிப் பந்தயம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் ஆதலின் ஏழாம் நாள் விலக்கப்பட்டது. அது நியூயார்க் நகருக்குச் சென்றபோது, ஒரே மனிதன் ஆறு நாளும் உறங்காமல் ஓட்டி, கண்முன் இல்லாதவற்றைக் கண்டு அலறும் நிலை ஏற்பட்டது. எனவே ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓட்டுதல் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சட்டம் வந்தது. பின்னர் இருவர் இணைந்து மாறிமாறி ஓட்டும் முறை பிறந்தது. பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் 1922 முதல் இப்பந்தயம் நடந்து வருகிறது. அந்நாட்டின் பேட்ரிக் செர்க்கு தம் வாழ்நாளில் 88 ஆறுநாள் பந்தயங்களில் வென்றார். ஐந்து முறை பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்ற பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் அவரோடு இணைந்து ஓட்டியிருக்கிறார். அவர்களுக்கு ஊதியம் உண்டு, குழு உண்டு, உடல் பிடித்துவிட ஆள் உண்டு, இரவு பிற்பகுதியில் படுக்கையும் உண்டு.

ஆனந்தன் எடுத்துக்கொண்டதோ நம் ஊர்த் திடலின் முறை. ஒரே ஆள், ஒரே வண்டி, மாற்று ஆள் இல்லை. 1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், கொழும்பு நகரமண்டபத்தின் எதிரிலுள்ள விகாரமகாதேவிப் பூங்காவில் அவர் மிதிவண்டியில் ஏறினார். இறங்கியது மே 10ஆம் நாள். இடைப்பட்ட 187 மணி 28 நிமிட நேரம் அவ்வண்டியின் சக்கரம் நில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது. கடந்த தொலைவு 1487 மைல்; அதாவது ஏறத்தாழ 2393 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பி, மறுபடியும் ஒருமுறை சென்று திரும்பினால் எவ்வளவோ, அவ்வளவு. அதனை அவர் ஒரு பூங்காவைச் சுற்றியே ஓட்டி முடித்தார்.

கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்குச் சுமார் 12.8 கிலோமீட்டர் வேகம். பள்ளிக்குச் செல்லும் மாணவன் இதைவிட விரைவாக ஓட்டுவான். மெர்க்ஸ் 1972இல் ஒரு மணி நேரத்தில் 49 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர். ஆகவே இச்சாதனையில் வேகத்தைத் தேடுவது வீண். மிதிவண்டியின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அது ஓடும்போது மட்டுமே நிற்கும், நின்றால் விழும். ஓட்டுபவன் ஒருகணம் கண்ணயர்ந்தால் கைப்பிடி திரும்பும். அடுத்த கணம் தரை. உட்கார்ந்த இடம் புண்ணாகும், கைவிரல்கள் மரத்துப் போகும், பாதம் வீங்கும். இவை எல்லாவற்றையும் மருந்தால் ஓரளவு தணிக்கலாம். உறக்கத்திற்கு மருந்தில்லை. மூன்று நாள் உறங்காதவனுக்கு நினைவு தடுமாறும். ஐந்து நாள் உறங்காதவனுக்கு மரங்கள் நடப்பதாகத் தோன்றும் என்பர். மே மாதத் தொடக்கத்தில் கொழும்பில் வெக்கை மிகுதி. மாலையில் இடியோடு மழை பெய்வதும் வழக்கம். அவை வளர்பிறை நாள்கள். வெசாக் முழுநிலவு நெருங்கிக்கொண்டிருந்தது. தாம் ஏறிய நாளில் பிறையாக இருந்த நிலா, இறங்கும் நாளில் ஏறத்தாழ முழுமை பெற்றிருந்தது. எட்டு இரவுகளாக அது வளர்வதை உறங்காமல் கண்டவர் அவர்.

நாம் சிறுவயதில் கண்ட திடல் வித்தையை, கண்காணிப்போர் முன்னிலையில், மணியும் நிமிடமும் குறித்து, உலகின் அளவுகோலுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியவர் ஆனந்தன். கின்னஸ் நூல் அதனை ஏற்றுப் பதிவு செய்தது. பிழைப்புக்கு வழியில்லாதவனின் தொழில் என்று நம்மவர் ஒதுக்கிய ஒன்று, அந்நூலின் பக்கத்தில் மானுட ஆற்றலின் எல்லைக்கல்லாக நின்றது. இதனை நான் எழுதும்போது, பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தத் திடல் மனிதரின் நினைவும் உடன் வருகிறது.

அவருடைய ஏனைய நிலச் சாதனைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். அதே ஆண்டில் 9100 முறை காலை உயர்த்தி உதைத்துக் காட்டினார். இவற்றுள் முதலாவதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. இரண்டே ஆண்டுகளில், 1982 ஏப்ரலில், நம் கோவைப் பகுதியின் சத்தியமங்கலத்தில் ரவி என்பவர் 34 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்று ஆனந்தனின் சாதனையை ஒரு மணி நேரத்தால் மிஞ்சினார். பண்டை நாளில் தவசியர் செய்ததாக நாம் படிக்கும் செயலில் இரண்டு தமிழர் போட்டியிட்டிருக்கின்றனர். வரம் தருவார் யாருமில்லை. அச்சிட்ட ஒருவரி மட்டுமே பரிசு.

1981ஆம் ஆண்டில் ஆனந்தன் மீண்டும் நீரை நாடினார். இம்முறை கடலன்று, சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளம். அங்கே ஆழ்நீரில், எட்டடிச் சதுர எல்லைக்குள், குளத்தின் பக்கச்சுவரையோ கயிற்றையோ தொடாமல், நிமிர்ந்த நிலையில் கைகால்களை அசைத்து மிதந்துகொண்டே 80 மணி நேரம் இருந்தார். மூன்று நாளும் எட்டு மணியும். முன்னே செல்லவும் இல்லை. பின்னே செல்லவும் இல்லை. நீச்சலில் கரை என்னும் நம்பிக்கையாவது இருக்கும். மிதிவண்டியில் சுற்று எண்ணிக்கையாவது ஏறும். இதிலோ இருந்த இடத்திலேயே இருத்தலே செயல். ஆனந்தனின் சாதனைகளுள் மிகக் கடினமானது எதுவென்று என்னைக் கேட்டால், பாக்குநீரிணையை விட்டுவிட்டு இதனையே சொல்வேன். மாணவர் சிலர் இக்கருத்தை ஏற்க மறுக்கக்கூடும்.

இத்தகைய செயல்களால் யாருக்குப் பயன் என்று கேட்கும் பெரியோர் உண்டு. கேட்பது முறையே. உடல் நமக்கு அளிக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதனை வீணே வருத்துதல் தகாது என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியது. உறங்காமையை அளக்கும் போட்டியைக் கின்னஸ் நிறுவனமே பிற்காலத்தில், உடல்நலக் கேட்டை முன்னிட்டுக் கைவிட்டது. எனினும் ஆனந்தனின் செயல்களை வெறும் புகழாசை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. மிதிவண்டியில் கழித்த இரவுகளும் ஒற்றைக் காலில் நின்ற மணிகளும் அவர் உடலை ஒரே ஒரு திசையில் பழக்கின. அத்திசையின் முடிவில் இங்கிலீஷ் கால்வாய் இருந்தது.

அதற்குமுன் 1983 ஜூலையைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. அம்மாதத்தின் இறுதியில் கொழும்பில் தமிழர் கடைகளும் இல்லங்களும் தீக்கிரையாயின, உயிர்கள் பறிபோயின. நான்கே ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் மிதிவண்டியில் சுற்றிவந்து அந்நாட்டின் பெயரை உலகப் பதிவேட்டில் ஏற்றிய அதே நகரம். அதன்பின் பாக்குநீரிணையில் நிகழ்ந்த பயணங்கள் வேறு வகையின. பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்தனர். மண்டபம் முகாம் நிரம்பியது. ஆனந்தன் கைவீசிக் கடந்த அதே நீர்ப்பரப்பு. என் பாட்டனாரும் கடையை இழந்து வெறுங்கையோடு அக்காலத்தில்தான் ஊர் திரும்பினார். அதற்குப் பின்னர் அவர் கொழும்புக் கதைகளைச் சொன்னதில்லை.

அடுத்த ஆண்டு ஆனந்தன் இங்கிலாந்து சென்றார்.

இங்கிலீஷ் கால்வாய் அகலத்தால் அச்சந்தருவது அன்று. டோவர் கரைக்கும் பிரான்சுக் கரைக்கும் இடையே குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அளவே. தலைமன்னார் தனுஷ்கோடி வழியைப் போன்றதே. 1875ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேத்யூ வெப் என்னும் ஆங்கிலேய மாலுமி 21 மணி 45 நிமிடத்தில் அதனை முதன்முதலாகக் கடந்தார். வெப் அத்துடன் அமையாமல், எட்டாண்டுகளுக்குப் பின் நயாகரா அருவியின் கீழுள்ள நீர்ச்சுழலில் இறங்கி உயிர்நீத்தார். 1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் கெர்ட்ரூட் எடர்லி அக்கால்வாயைக் கடந்த முதல் பெண்மணியானார். நம் பக்கத்தில் வங்காளத்தின் பிரஜேன் தாஸ் 1958இல் கடந்து, ஆசியருள் முதல்வர் ஆனார்.

கால்வாயின் கொடுமை குளிரில் உள்ளது. பாக்குநீரிணையின் நீர் ஏறத்தாழ 28 பாகை வெப்பமுடையது; குளித்தெழுந்தால் உடலுக்கு இதம். கால்வாயிலோ கோடை நடுவிலும் 15 முதல் 18 பாகைதான். நீர், காற்றைக் காட்டிலும் பலமடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். விதிகளின்படி வெப்பங்காக்கும் உடை அணிதல் கூடாது. நீச்சலுடை, தலையுறை, கண்ணாடி, உடலில் பூசிய கொழுப்பு இவையே காப்பு. துணைப்படகு அருகே வரும். உணவைக் கோலில் நீட்டுவர். ஆனால் நீந்துபவர் படகைத் தொட்டால் முயற்சி முடிந்ததாகக் கொள்ளப்படும். முதலில் நடுக்கம் வரும். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றுவிடும். அதுதான் ஆபத்தான அறிகுறி. பிறகு அறிவு மங்கும். தான் குளிர்ந்துபோவதைத் தானே அறியாத நிலை வரும்.

ஆனந்தன் தம்மை ஆயத்தம் செய்திருந்ததெல்லாம் சோர்வை வெல்வதற்கு, உறக்கத்தை வெல்வதற்கு. மனவுறுதிக்கு உறக்கம் சிறிது விட்டுக்கொடுக்கும். பசியும் வலியும் விட்டுக்கொடுக்கும். குளிர் யாருடைய மனவுறுதியையும் கேட்பதில்லை. அதனைத் தாங்க வேண்டுமாயின் உடலில் கொழுப்பு வேண்டும். குளிர்நீரில் நெடுநாள் பழக்கம் வேண்டும். வெப்பக்கடலின் பிள்ளைகளுக்கு அது எளிதில் வாய்ப்பதன்று. மேலும், விட்டுவிடு என்று உடல் சொல்லும் இடத்தில் விட்டுவிடாமல் இருப்பதற்கே பதின்மூன்று ஆண்டுகளாகத் தம்மைப் பழக்கிக்கொண்டவர் அவர். பூங்காவிலும் குளத்திலும் அவரைக் காத்த அதே பழக்கம், கால்வாயில் அவருக்கு எதிராக நின்றிருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகமே. ஆயினும் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அவ்வெண்ணம் வருகிறது.

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிர்நீத்தார். எடர்லி வெற்றி பெற்ற அதே நாள். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. இக்கட்டுரையை எழுதும் என் வயதும் ஏறக்குறைய அதுவே.

அவருடைய மிதிவண்டிச் சாதனை அவர் உயிரோடிருந்தபோதே கடக்கப்பட்டுவிட்டது. 1983 ஜூனில் போர்த்துக்கல் நாட்டின் கார்லோஸ் வியெய்ரா 191 மணி நேரம் ஓட்டினார். தொலைவில் இருவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்பது மைல். பூங்காவைச் சுற்றிய எட்டு இரவுகளுக்கும் மேலாக மூன்றரை மணி நேரம். அவ்வளவில் பெயர் மாறிவிட்டது. இத்தகைய ஏடுகளின் இயல்பு அது. பத்தாண்டுகளுக்குப் பின், 1994ஆம் ஆண்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் முதலில் பாக்குநீரிணையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயையும் நீந்திக் கடந்தான். நாளிதழில் அவன் படத்தைக் கண்ட என் பாட்டனார் அதனை வெட்டி எடுத்துத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, வல்வெட்டித்துறைப் பிள்ளை அந்தக் குளிரில் போய்விட்டான் என்று மட்டும் கூறினார். நெடுநாளைக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த கொழும்புக் காலத்துச் செய்தி அதுவே.

இன்று வல்வெட்டித்துறையில் கடலோரத்திலேயே ஆழிக்குமரன் பெயரால் ஒரு நீச்சல் தடாகம் அமைந்திருக்கிறது. அவ்வூர்ச் சிறார் அதில் நீந்தக் கற்கின்றனர்.